நாலாம் விரல்

ஆகஸ்ட் 4

என்னைத்தான் எடுத்திருக்கிறார்கள். நவம்பர் கச்சேரியில் ஆர்க்கெஸ்ட்ராவோடு பியானோ வாசிக்கப்போவது நான்தான் என்று எட்வின் சார் மதியம் சொன்னார். சொல்லும்போது வடை தின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையின் பெரிய செய்தியை ஒருவர் எண்ணெய்க் கையோடு சொன்னால் எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் "தேங்க்யூ சார்" என்றேன். இன்னொரு வடையை என் பக்கம் நீட்டினார்.

இது வெறும் கச்சேரி இல்லை. நடத்த வருகிறவர் ஜெர்மனியிலிருந்து பேராசிரியர் ஹெல்கா. அவருடைய கல்லூரியில் வருஷத்துக்கு ஒரே ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை முழுச் செலவும் ஏற்று எடுத்துக்கொள்வார்கள். கச்சேரிக்கு மறுநாள் என்னைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். பிடித்தால் அந்த இடம் எனக்கு. வயது வரம்பு இருபத்திரண்டு. எனக்கு இருபத்திரண்டு. அடுத்த வருஷம் என்பதே கிடையாது.

வாசிக்கப்போகும் கான்செர்ட்டோவை (பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதிய மூன்று பகுதி இசை) எழுதியவர் பெயரைக் கச்சேரி முடியும்வரை எங்கும் எழுதமாட்டேன். எழுதினால் கண் பட்டுவிடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இந்த நோட்டில் அவர் 'பெரியவர்'. செத்து எத்தனையோ காலமான மனிதருக்கு இந்த மரியாதை போதும்.

தூத்துக்குடிக்குப் போன் செய்தேன். அப்பா பேக்கரியில் மக்ரூன் போடுகிறவர். முட்டை வெள்ளையை அடிக்கும் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"ஏட்டி, நெசமாவா சொல்லுத?"

"நெசந்தாம்ப்பா."

"ஃபாதர்ட்ட சொல்லிரட்டா?"

"இப்பமே வேண்டாம்ப்பா. அந்தம்மா என்னய எடுக்கணும்லா."

"ஒன்ன எடுக்காம வேற யார எடுப்பாவ?"

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அப்பாவுக்குச் சந்தோஷம் வந்தால் வேலையில்தான் இறங்குவார்.

ஆகஸ்ட் 10

ஞாயிறு பூசையிலேயே அறிவித்துவிட்டார்களாம். அம்மா போனில் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அப்பாவிடம் எதையும் சொல்லி மூடிவைக்க முடியாது.

காலையில் என் பயிற்சி, மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. இரண்டுமே கீழ்ப்பாக்கத்தில் எட்வின் சார் பள்ளியின் மாடி அறையில், ஒரே பியானோவில். ஜூலையில் சேர்ந்த ஏழு வயது வேதிகா மட்டும் என் பிராணனை வாங்குகிறாள். நல்ல காது, நல்ல தாளம், ஆனால் வலது கையின் கடைசி இரண்டு விரலையும் உள்ளே மடக்கிக்கொள்கிறாள். "விரல நீட்டு, நீட்டு" என்று கத்தி என் தொண்டைதான் வறண்டது. நீட்டுவாள். அடுத்த வரியில் மறுபடி சுருண்டுவிடும்.

"யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

என்னை விநோதமாகப் பார்த்தாள். மறுபடி அப்படியே மடக்கிக்கொண்டு வாசித்தாள். திமிர்.

ஆகஸ்ட் 17

மூன்றாம் பகுதியில் வலது கை மேலிருந்து கீழே இறங்கும் ஓட்டம் ஒன்று இருக்கிறது. சொம்பிலிருந்து கடுகு கொட்டுவது போல விழவேண்டும். இன்று நடுவில் ஒரு கடுகு காணாமல் போனது. திரும்ப வாசித்தேன். அதே இடம், அதே ஓட்டை.

பியானோ பழகாதவர்கள் யாராவது இந்த நோட்டைப் புரட்டினால் (புரட்டினால் உதைப்பேன்) தெரிந்துகொள்ளட்டும். எங்களுக்கு விரல்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று தாளில் அந்தச் சுரத்தின் தலையில் பென்சிலால் எண்ணை எழுதிக்கொள்வோம். ஒருமுறை எழுதிப் பழகினால் கை தானாகப் போகும், யோசிக்கவே வேண்டாம்.

ஓட்டை விழும் இடத்தில் இருப்பது நாலு. மோதிர விரல். எல்லோருக்கும் அது கொஞ்சம் மந்தமான விரல்தான். எனக்குக் கிடையாது. எனக்கு நாலு எப்போதும் நல்ல பிள்ளை.

தப்பு விரலில் இல்லை, பியானோவில் அந்தச் சுரத்தின் கட்டை ஒட்டுகிறது. கான்வென்ட்டில் உப்புக் காற்றில் பாதிக் கட்டை எழும்பாத பியானோவில் கற்றவள் நான். ஒட்டுகிற கட்டை எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 23

பியானோவைச் சரிபார்க்க ஆள் வந்தார். எல்லாக் கட்டையையும் அழுத்திப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அதே பதில்.

இவர்களுக்கெல்லாம் அவசரம்.

செப்டம்பர் 2

ஒரு மணி நேரத்தை இரண்டாக்கினேன். அந்த ஒரு வரியை மட்டும். மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக, பிறகு ஒரே விரலாக. விடாமல் தேய்த்தால் எந்தக் கறையும் போகும். கை சோம்பேறி, அதைச் சோம்பேறியாக விடக்கூடாது.

மாலையில் எனக்கு ஓர் அருமையான யோசனை வந்தது. அந்த ஓட்டத்தில் நாலை அழித்துவிட்டு மூன்று போட்டேன். கையைக் கொஞ்சம் சாய்த்தால் மூன்று எட்டுகிறது. கடுகு எல்லாம் வரிசையாக விழுந்தது! இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நன்றாக வாசிப்பவர்கள் எல்லாரும் தங்கள் கைக்கு ஏற்ற விரலைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். பெரிய வாசிப்புக்காரி ஆகிவிட்டேன் என்று அர்த்தம்.

செப்டம்பர் 8

மாதா பிறந்த நாள். அம்மா எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். மூன்று பக்கங்களில் நாலை அழித்தாயிற்று.

செப்டம்பர் 14

அறைத் தோழி சுகுணா ஈரோட்டுக்காரி. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. இருவரும் சேர்ந்து ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இறாலைத் தொடமாட்டாள், ஆனால் நான் சமைத்தால் தின்பாள். இன்று ஞாயிறு, ஒரு கிலோ வாங்கி உட்கார்ந்து உரித்தேன். அவளிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

"சுகுணா, என் நாலாவது விரல் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

அவள் என் கையைப் பார்த்தாள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நரம்பை உருவி ஒவ்வொன்றாகச் சட்டியில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"அட போ புள்ள! இந்த வேகத்துல உரிக்கிறவளுக்குக் கை சரியில்லையாமா. எனக்குப் பாக்கவே கண்ணு சுத்துது. உன்ற மனசுல பயம், அதான் வேறென்ன."

உண்மைதான். உரிக்கிறது, பின்னுகிறது, டைப் அடிக்கிறது, பொத்தான் போடுகிறது. பியானோ முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நடிப்பு. சரியான மாமியார் விரல்.

இறால் தொக்கு நன்றாக வந்தது. சுகுணா சட்டியை வழித்தாள்.

செப்டம்பர் 21

இப்போது ஐந்தும் சேர்ந்துகொண்டது. நாலு மடங்கினால் ஐந்தும் கூடவே மடங்குகிறது, வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து போனால் பக்கத்துப் பிள்ளையும் போவது போல. இரண்டையும் அழித்து மேலே மேலே எழுதித் தாள் கருத்துப் போய்விட்டது. கடினமான சில சுரங்களை இடது கைக்கு மாற்றினேன். இடது கை பாவம், சொன்னதைக் கேட்கிறது.

வேதிகாவின் அம்மா வகுப்பு முடிந்து வந்து நின்றார்.

"மிஸ், வீட்டுலயும் இப்படியே தான் வாசிக்கிறா. ரெண்டு விரல மடக்கிட்டு. ஸ்கூல்ல எழுதும்போது, சாப்பிடும்போதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன் மிஸ்?"

"கவனம் பத்தல. நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்றேன்.

பழியை அம்மாக்கள் மேல் போட்டுவிட்டால் அவர்கள் நம்பிவிடுகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான்.

செப்டம்பர் 30

யாருக்கும் சொல்லாமல் எலும்பு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். தன் இரண்டு விரலை நீட்டி "அமுக்குங்க" என்றார். அமுக்கியதில் அவர் முகம் சுருங்கியது.

"பலமாத்தான் இருக்கு. வலி?"

"இல்ல டாக்டர்."

"மரத்துப்போறது?"

"இல்ல."

"சரி, இந்த மேசை மேல வாசிச்சுக் காட்டுங்க பாப்போம்."

வாசித்தேன். அந்த இறங்கும் ஓட்டத்தையே, பழைய விரலில், நாலும் ஐந்தும் போட்டு. கண்ணாடி மேசையில் டக டகவென்று எல்லாச் சுரமும் விழுந்தது. ஒரு விரல் மடங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க. அவ்வளவுதான்."

வெளியே ஆட்டோவில் உட்கார்ந்து மடியில் வாசித்தேன், சரியாக வந்தது. கைப்பை மேல் வாசித்தேன், வந்தது. நேராகப் பள்ளிக்குப் போய் பியானோவைத் திறந்து கையை வைத்தேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்கமாட்டேன்.

அக்டோபர் 6

பள்ளிப் பிள்ளைகள் வயலினோடு முதல் ஒத்திகை. எட்வின் சார் கண்ணை மூடிக் கேட்டார்.

"பெனிட்டா, மேல் சுரமெல்லாம் ஏன் சன்னமா கேக்குது? கொஞ்சம் குடும்மா. பயந்து பயந்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

"ஹால்ல சரியாயிரும் சார்."

"நீ சொன்னா சரி. உன்னப்பத்தி எனக்குக் கவலையே இல்ல."

எல்லோருக்கும் என்மேல் இப்படி ஒரு நம்பிக்கை. ஒருவராவது சந்தேகப்பட்டால் அவர் தோளில் சாய்ந்து அழலாம்.

அக்டோபர் 15

மழை. மரம் ஊதியிருக்கும். அதனால்தான்.

அக்டோபர் 19

மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி நாலையும் ஐந்தையும் ஐஸ் குச்சியோடு நேராகச் சேர்த்து ஒட்டி வாசித்தேன். சில சுரம் வந்தது. பிளாஸ்டரை உரித்ததும் முன்பைவிட வேகமாக உள்ளே ஓடின. பிறகு விரலிடுக்கில் ஒரு அழி ரப்பரைச் செருகிக்கொண்டு பார்த்தேன். அது பரவாயில்லை, ஒரு வரி தாக்குப்பிடித்தது. மறந்து அப்படியே மாலை வகுப்பும் எடுத்துவிட்டேன்.

ரெஸ்ட் கொடு என்றார் மருத்துவர். கச்சேரிக்கு இருபது நாள் வைத்துக்கொண்டு எப்படி ரெஸ்ட் கொடுப்பது? இன்று காலை ஆறு மணி நேரம்.

அக்டோபர் 22

வேதிகா விரலிடுக்கில் ஒரு ரப்பரைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ரோஜா வாசனை அடிக்கும் ரப்பர். எனக்கு வந்த கோபத்தில் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். அழாமல் என்னையே பார்த்தாள்.

போகும்போது கீழே இறங்கித் தேடினேன். மழைத் தண்ணீரில் போய்விட்டது போலிருக்கிறது.

அக்டோபர் 27

அப்பா பெட்டி வாங்கிவிட்டாராம். சக்கரம் வைத்த பெரிய பெட்டி, சாம்பல் நிறம்.

"குளுரு ஊருன்னா கம்பளி சட்டை நெறய வைக்கணும்லா. அதான் பெருசா எடுத்தேன். கடைக்காரனுக்கும் நம்ம கத தெரிஞ்சிருக்கு, பாத்துக்கோ. 'பியானோ பிள்ளைக்கா'ன்னு கேக்கான்."

"எதுக்குப்பா இப்பமே?"

"பெறவு கூட்டமா இருக்கும்."

பெட்டி விற்கிற கடையில் என்ன கூட்டம் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 5

பேராசிரியர் வந்துவிட்டார். குட்டையான வெள்ளைமுடிப் பெண்மணி, கோலாப்பூர் செருப்பு போட்டிருந்தார். ஒத்திகையில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வயலின்காரர்களைத்தான் வறுத்தெடுத்தார். ஆனால் மூன்றாம் பகுதியில் குச்சியை வீசிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

இப்போது என் தாளில் நாலும் இல்லை, ஐந்தும் இல்லை. பாதிக்கு மேல் ஒன்றும் இரண்டும்தான். மூன்றுகூட இரண்டு நாளாக முகம் கோணுகிறது. அதைப்பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

நவம்பர் 9

முடிந்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது நல்ல வாசிப்புத்தான். ஏமாற்று வேலை முழுக்க இருந்தும் நல்ல வாசிப்பு. இறங்கும் ஓட்டத்தில் பாதியை இடது கை வாங்கிக்கொண்டது. கடைசியில் அடுத்தடுத்த இரண்டு சுரம் மாறி மாறி நடுங்கவேண்டிய இடத்தில் இரண்டு கையின் ஆட்காட்டி விரலையும் வைத்துச் சமாளித்தேன். நடுப் பகுதி மெதுவானது, அங்கே கட்டைவிரலும் இரண்டும் போதும். அதை வாசிக்கும்போது நான் எல்லாவற்றையும் மறந்துபோனேன். வாசிக்கிறோம் என்பதே மறந்தது. அப்படி ஒரு கணம் இருக்கிறது என்பதற்காகத்தானே சின்ன வயதிலிருந்து இந்தப் பாடு.

அப்பா முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். யாரிடம் இரவல் வாங்கினாரோ, கை நீளம். முடிந்ததும் ஆர்க்கெஸ்ட்ராப் பிள்ளைகளுக்கெல்லாம் மக்ரூன் பொட்டலம் கொடுத்தார். பேராசிரியருக்கும் கொடுத்தார். அவர் வாயில் போட்டுவிட்டுக் கண்ணை அகல விரித்தார். அப்பாவுக்கு அதுவே போதும், இடம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

"பாத்தியாட்டி, அந்தம்மா மொகத்த?"

நாளைக் காலை பத்து மணிக்கு என்னை அந்த மாடி அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

பெரியவர் பெயரை இப்போது எழுதலாம். எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 10

பேராசிரியர் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதிவைக்கிறேன்.

நான் தாளை விரித்தேன். வேண்டாம் என்றார். "நேற்று கேட்டேன். உனக்குள் இசை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வலது கையை மட்டும் வை. ஐந்து விரலுக்கு ஐந்து வெள்ளைக் கட்டை. ஒன்றிலிருந்து ஐந்து வரை, மெதுவாக."

முதல் நாள் பாடம். வேதிகாவுக்கு முதல் நாள் நான் கொடுத்தது. கடினமான எதைக் கேட்டிருந்தாலும் ஏதாவது தந்திரம் செய்து தப்பியிருப்பேன். இதில் அழித்து எழுத இடமே இல்லை. ஐந்து கட்டை, ஐந்து விரல், ஆளுக்கு ஒன்று.

ஒன்று. இரண்டு. மூன்று கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது. நாலு உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஐந்தும் அதன் பின்னாலேயே.

மறுபடி வைத்தேன். மறுபடியும். அவர் நிறுத்தச் சொல்லவில்லை, நானாகவே திரும்பத் திரும்பச் செய்தேன். வியர்வையில் கட்டை வழுக்கியது. கடைசியில் அவர் தன் கையை என் கை மேல் வைத்தார்.

"எப்போதிலிருந்து?"

"மழை தொடங்கியதிலிருந்து."

"மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

அவருடன் படித்த தோழி ஒருத்திக்கு இது வந்ததாம். கையில் கோளாறு கிடையாதாம். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரே அசைவை அளவு மீறித் திரும்பத் திரும்பச் செய்தால் சிலருக்கு அந்த இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு அந்த வாத்தியத்தின் முன்னால் மட்டும் விரல்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியாது.

"இது வந்த பிறகு எவ்வளவு பயிற்சி செய்தாய்?"

"ஒரு நாள்கூட விடவில்லை" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"சரியாகுமா?"

"சிலருக்குக் கொஞ்சம். பல வருஷங்களில்."

"உங்கள் தோழிக்கு?"

"அவள் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறாள்."

அந்த இடத்தை எனக்குக் கொடுக்க முடியாது என்பதை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். வயது வரம்பைப்பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல்வரை வந்து, எனக்கு நல்ல மருத்துவர் பெயர் ஒன்றை எழுதித் தந்தார். ஜெர்மனியில் இருக்கிறவர்.

அப்பாவும் அம்மாவும் கீழே மர நிழலில் நின்றிருந்தார்கள். "பெறவு சொல்லுவாங்களாம்" என்றேன். சாயங்காலம் ரயிலேற்றிவிட்டேன். ரயில் நகரும்போதும் அப்பா ஜன்னலில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே போனார்.

நவம்பர் 11

துணி துவைத்தேன். போர்வை, சுகுணாவின் போர்வை, திரைச்சீலை. கை நன்றாகப் பிழிந்தது.

நவம்பர் 13

போன் செய்து சொல்லிவிட்டேன். மிஷின் சத்தம் நின்றது.

"வலிக்குதாட்டி?"

"இல்லப்பா. வலியே கெடையாது."

"வீக்கம் இருக்கா?"

"இல்ல."

"பெறவு என்னட்டி கேடு? வலியுங் கெடையாது, வீக்கமுங் கெடையாது. ரெண்டு வாரம் சும்மா இரி. மாதா கோயில்ல எண்ண வாங்கி அனுப்புதேன், தேச்சு விடு. முட்ட அடிச்சு எனக்கு வராத கைவலியா? சரியாப் போவும்."

"இது அப்படி இல்லப்பா. அந்தம்மா முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

பேக்கரியில் யாரோ ரொட்டி கேட்பது கேட்டது.

"பொட்டியப் பிரிக்காமத்தான் வச்சிருக்கேன்" என்றார். "அட்டையோட இருக்கு. தூசி அடையாது."

அவர் தெரிந்தும் தெரியாதது போலப் பேசுகிறாரா, உண்மையிலேயே புரியவில்லையா என்று எனக்கு விளங்கவில்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். பிறகு சுகுணா மடியில் படுத்து அழுதேன். அவள் என் தலையில் கைவைத்துக்கொண்டு டி.வி. பார்த்தாள்.

நவம்பர் 16

வகுப்புக்குப் போனேன். வேறு எங்கே போவது?

வேதிகாவுக்காக ரோஜா வாசனை ரப்பர் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தாள், கையை வைத்தாள். கடைசி இரண்டு விரலும் சுருண்டு உள்ளே போயின.

இத்தனை மாதம் அந்தக் கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். இன்றுதான் அதைப் பார்த்தேன். சுருண்ட கோணம், மணிக்கட்டின் சாய்வு, நாலுக்குப் பின்னால் ஐந்து போகும் விதம்கூட ஒன்றுதான். ஒரு ஏழு வயதுக் குழந்தையிடம் என் கை இருந்தது.

"வேதிகா, விரல ஏன் இப்படி மடக்குற?"

"நீங்க இப்படித்தானே மிஸ் வாசிப்பீங்க."

"நான் நீட்டச் சொல்றேன்ல?"

"வாயால சொல்றீங்க. ஆனா வாசிச்சுக் காட்டும்போது மடக்குறீங்க. நான் உங்கள மாதிரி வரணும்னு அம்மா சொன்னாங்க."

"எப்பலேருந்து நான் இப்படி மடக்குறேன்?"

கொஞ்சம் யோசித்தாள். "நான் சேந்த மொத நாளே மிஸ்."

ஜூலை. அப்போது எனக்கு எந்தச் சுரமும் விடுபடவில்லை. கான்செர்ட்டோ என்ற பேச்சே இல்லை. நான் உலகத்தை வெல்லப்போகிறேன் என்று திரிந்துகொண்டிருந்த நாள்கள் அவை. இந்தப் பிள்ளை அப்போதே பார்த்திருக்கிறாள். பார்த்து, அதுதான் அழகு என்று நினைத்துக் கஷ்டப்பட்டுப் பழகியிருக்கிறாள்.

அவள் அம்மா வந்ததும் வேறு டீச்சரிடம் உடனே சேர்த்துவிடச் சொன்னேன். எட்வின் சாரிடம் நானே பேசுகிறேன் என்றேன். அந்த அம்மா பதறிவிட்டார். ஏன், ஏன் என்று கேட்டார். "என் கையப் பாத்து இனிமே அவ ஒண்ணும் கத்துக்கக் கூடாது" என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

வேதிகா புத்தகத்தைப் பைக்குள் வைக்காமல் நின்றாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் மிஸ்?"

"ஒரு தப்பும் பண்ணல. நான் செஞ்சத அப்படியே செஞ்ச. உனக்கு நல்ல கண்ணு."

போய்விட்டார்கள். பியானோவை மூடினேன். பூட்டிவிட்டுச் சாவியை எட்வின் சாரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்துவிட்டேன். மூடியின் மேல் கையை வைத்து அந்த இறங்கும் ஓட்டத்தை வாசித்தேன், அழித்துப்போட்ட பழைய விரல்களில். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. நாலு தன் வேலையைச் செய்தது. ஒரு கடுகு சிந்தவில்லை. திரும்ப வாசித்தேன். பிறகு நடுப் பகுதியையும் வாசித்தேன், மரத்தின் மேல், முழுசாக.

தலையைத் தூக்கினால் வாசலில் வேதிகா. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

"மிஸ்! இப்ப கரெக்டா வருதே!"

"ஆமா" என்றேன். பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.